பெருக்காத வீடு

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் பூத்து அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தன. மறுபடி அலசினேன். நீல ஜாக்கெட் இனிமேல் பள்ளிக்குப் போட லாயக்கில்லை.

நல்ல செய்தி ஒன்று. கடிதம் வந்துவிட்டது. வியாழன் 11 மணிக்கு வீட்டு ஆய்வு. தூசி படிவது உறுதியானால் அரசே வீட்டை வாங்கிக்கொள்ளும். பின்பக்கம் கான்கிரீட் கலவை ஆலை வந்து எட்டு வருடம். எட்டு வருடமாக மனு. எனக்கே மனுவின் முதல் பத்தி மனப்பாடம்.

இது தவறினால் வேறு வழி கிடையாது. வெளியாள் யார் வாங்குவான்? வந்து பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் மேற்கு ஜன்னலைத் திறந்ததும் "யோசிச்சு சொல்றோம்". இந்த வீட்டை விற்காமல் வேறு இடத்துக்கு வாடகை கொடுக்க எங்களால் முடியாது. இவருக்கோ மாடிப்படி ஏழு ஏறினால் மூச்சு நின்று நின்று வருகிறது. அடையாறு டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்: "மருந்தெல்லாம் அப்புறம் சார். முதல்ல வீட்ட மாத்துங்க."

வாங்க: இன்ஹேலர், துவரம்பருப்பு, சிவப்பு பேனா 3, துணி சோப்பு.

பிப்ரவரி 6, வியாழன்

கோபத்தில் எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

திருப்புதல் தேர்வு, லீவு கிடையாது. ஒன்பதாம் வகுப்பு மேற்பார்வையைப் பாதியில் இன்னொரு டீச்சர் தலையில் கட்டி, தலைமையாசிரியையிடம் கெஞ்சி, மந்தைவெளியில் பறக்கும் ரயில் பிடித்து, பெருங்குடியில் இறங்கி, வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது 10.50. வந்தவர்கள் பத்து மணிக்கே வந்து போய்விட்டார்கள்.

வாசல் கழுவி ஈரம் காயவில்லை. உள்ளே போனால் பினாயில் வாசனை. ஜன்னல் கம்பி பளபள. மின்விசிறி இறக்கை பளபள. பீரோ மேல், பரண், டிவி, எல்லாம் துடைத்தாயிற்று. சோபாவில் தீபாவளிக்கு எடுத்த புது விரிப்பு.

"என்னங்க இது?"

"ஆபீசர்ங்க வந்தாங்க. நீ போனதும் ஆரம்பிச்சேன், ஒம்பதரைக்கு முடிச்சிட்டேன்."

"எதுக்குத் துடைச்சீங்க?"

"என்ன கேள்வி வசந்தா இது? வீட்டுக்கு நாலு பேர் வரும்போது அப்படியே போட்டு வெச்சிருக்கவா முடியும்?"

தி.நகர் துணிக்கடையில் சேலைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம். கடை திறந்ததும் முதல் வேலை ரேக் துடைப்பது, இரண்டாவது வேலை மறுபடி துடைப்பது. வாடிக்கையாளர் கண்ணில் தூசி பட்டால் முதலாளி அன்று முழுக்க இவர் முகத்தைப் பார்க்க மாட்டாராம். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் அது போகவில்லை. சரி, பழக்கம். அதற்காகத் தூசியைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தூசியைத் துடைத்து வைக்கிற ஆள் இந்த உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

வந்தவர்கள் இரண்டு பேர். வெள்ளைத் துணியால் ஐந்து இடத்தில் துடைத்துப் பார்த்தார்களாம். துணி வெள்ளையாகவே இருந்ததாம். இவர் மோர் கொடுத்தாராம். "'ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க சார்'னு சொல்லிட்டுப் போனாங்க." இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். நான் ஓய்ந்த பிறகு இவர் மெதுவாகச் சொன்னார்: "அவங்க எதுக்கு வர்றாங்கன்னு தெரியும் வசந்தா. தெரிஞ்சும் கை நிக்கல."

சாப்பிடவில்லை இருவரும். சாம்பார் வீண்.

பிப்ரவரி 8, சனி

பக்கத்து வீட்டுக் கஸ்தூரிக்கு ஆய்வில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஓ.எம்.ஆரில் ஏதோ கம்பெனி கேண்டீனில் வேலை அவளுக்கு. வீட்டை வாரத்துக்கு ஒரு நாள் பெருக்கினால் அதிகம். சுவர் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா டீச்சர், உங்க வூட்ட ஒண்ணியும் இல்லன்னு எழுதிக்கினு பூட்டாங்களாமே?"

"ஆமா."

"எங்க வூட்ல துணிய வெச்ச ஒடனே கறுப்பாயிட்ச்சி. அந்தாளு மூக்க மூடிக்கினு 'போதும்மா போதும்'னு ஓடியே பூட்டாரு." சிரிக்கிறாள். "நா அப்பவே சொல்லல? டெய்லி வாரினாலும் டெய்லி வரப்போவுது. இன்னாத்துக்கு வாரணும்?"

எத்தனை முறை இவளை மனதுக்குள் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். பொறாமையாக இருக்கிறது. மனம்விட்டு எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

விடைத்தாள் 42. திருத்தியது 11.

பிப்ரவரி 10, திங்கள்

அரை நாள் லீவு. ஆய்வுக்கு ஆள் அனுப்பிய தேனாம்பேட்டை அலுவலகம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடி. இவரைக் கூட்டி வராதது நல்லதாயிற்று.

மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடம், ஃபார்ம்ல 'படிவு காணப்படவில்லை'ன்னு தெளிவா இருக்கு. ஃபோட்டோவும் இருக்கு, பாருங்க."

பார்த்தேன். எங்கள் கூடம். புது விரிப்பு. கல்யாணப் பத்திரிகையில் போடலாம் போல் இருந்தது.

"அன்னைக்கு மட்டும் துடைச்சிட்டாரும்மா."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்தான்."

"ஏன் மேடம்?"

முப்பது வருடமாகப் பிள்ளைகளை "ஏன்?" என்று கேட்டே நிற்க வைத்தவள் நான். இன்று நான் நின்றேன். பின்னால் நின்றவர் வேறு சிரித்தார்.

மறு ஆய்வு மனு கொடுத்திருக்கிறேன். அவள் சொன்னது, மறக்காமல் இருக்க:

மறு ஆய்வு ஒரே தடவைதான்.
தேதி சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் எந்த நாளும் வரலாம்.
வீடு பூட்டியிருந்தால் மனு தள்ளுபடி. உரிமையாளர் குடியிருக்க வேண்டும்.

உரிமையாளர் என்றால் இவர். பட்டா இவர் பெயரில். ஆக, தூசியால் மூச்சு விட முடியாத மனிதர் தூசி சேரும்வரை அந்தத் தூசியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கட்டும், நான் சமைத்துப் போடுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

துடைப்பம் இரண்டு, ஒட்டடைக் குச்சி ஒன்று, தரை துடைக்கும் மாப், பழைய பனியன் துணி எல்லாம் கஸ்தூரி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. "இத்தினி தொடப்பத்த நா எங்க டீச்சர் வெப்பேன்" என்றாள். வைத்துக்கொண்டாள்.

இவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு இடத்தையும் தொடக்கூடாது. தட்டு, டம்ளர் மட்டும் கழுவலாம். தலையாட்டினார். கடையில் முதலாளிக்கு ஆட்டிய அதே தலையாட்டல்.

பிப்ரவரி 15, சனி

ஐந்தாவது நாள். டிவி மேல் விரலால் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு நன்றாகத் தெரிகிறது. கூடத்தில் நடந்தால் செருப்பில்லாத கால் நறநற. மேற்கு ஜன்னல் மூடியே இருக்கிறது, அப்படியும் எங்கிருந்துதான் வருமோ.

மாடியிலிருந்து இறங்கி வரும்போது பார்க்கிறேன், இவர் தோள் துண்டால் பீரோ மேல் துடைத்துக்கொண்டிருக்கிறார். திருடன் மாதிரி, வாசலைப் பார்த்துக்கொண்டே.

"என்னங்க!"

துண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அறுபது வயது.

"கொஞ்சம்தான் வசந்தா. ஓரத்துல மட்டும்."

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. துண்டையும் பிடுங்கிக்கொண்டேன். பீரோ மேல் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து.

பிப்ரவரி 18, செவ்வாய்

அடையாறு டாக்டர். காத்திருந்தது ஒன்றரை மணி. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், பிறகு என்னைப் பார்த்தார், இவரை இல்லை.

"போன மாசத்த விட மோசமா இருக்கு. வீட்ட சுத்தமா வெச்சுக்குங்கன்னு எத்தன தடவம்மா சொல்றது? டெய்லி ஈரத் துணியால துடைக்கறீங்களா இல்லியா?"

"துடைக்கிறேன் டாக்டர்."

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு, "நீ பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

நெபுலைசர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்பது இனி நான்கு தடவை.

பிப்ரவரி 21, வெள்ளி

விளக்கேற்றும்போது சாமி மாடம் முழுக்கத் தூசி. முருகன் படத்தில் வேல் தெரியவில்லை.

"இத மட்டுமாவது துடைக்கலாமா? வெள்ளிக்கிழம" என்று கேட்டார். ஆய்வுக்காரர்கள் துணி வைத்துப் பார்க்கும் ஐந்து இடங்களில் சாமி மாடம் இல்லை. துடைக்கச் சொன்னேன். துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு சதுர அடியை அரை மணி நேரம் துடைத்தார். குங்குமச் சிமிழைக் கூட விடவில்லை.

இன்றும் யாரும் வரவில்லை. பள்ளிக்குப் போனாலும் நினைப்பு இங்கேதான். கரும்பலகையில் 7 × 8 = 54 என்று எழுதிவிட்டேன். கடைசி பெஞ்சு வரை சிரிப்பு.

பிப்ரவரி 24, திங்கள்

பள்ளியிலிருந்து நாலரைக்கு வந்தேன். இவர் கட்டில் விளிம்பில், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு. உதடு நிறம் மாறியிருந்தது. பேச வரவில்லை. இன்ஹேலர், பிறகு நெபுலைசர். இருபது நிமிடம் அந்த இயந்திரச் சத்தம். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். என் கையில் தூசி, அவர் சட்டையில் தூசி, மாஸ்க்கைத் துடைத்த துணியிலும் தூசி.

போதும் என்று தோன்றியது. வீடும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். மூச்சு கொஞ்சம் சீரானதும் கஸ்தூரி வீட்டுக்கு ஓடினேன்.

"எங்க கஸ்தூரி என் துடைப்பம்?"

"இன்னா டீச்சர், இன்னும் ஆளு வர்லியே?"

"வராட்டிப் போகட்டும். குடு."

துடைப்பத்தோடு வாசலில் நிற்கிறேன். இவர் எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொண்டுபோய் வெச்சிட்டு வா."

"உங்க மூச்சு..."

"பதிமூணு நாள் இருந்தாச்சு. இப்ப பெருக்கினா பதிமூணு நாளும் வீண். என் தப்பு, நானே இருக்கேன். கொண்டுபோய் வை வசந்தா."

கொண்டுபோய் வைத்தேன். கஸ்தூரி ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். பட்டினப்பாக்கம் வஞ்சிரமாம். சாப்பிட்டார்.

எட்டு வருடக் கோபம் எனக்கு ஆலை மேல். பதினெட்டு நாள் கோபம் இவர் மேல். இன்று என் மேல்.

பிப்ரவரி 27, வியாழன்

வந்துவிட்டார்கள்! நான் வீட்டில் இருந்தேன். நேற்றே லீவு சொல்லியிருந்தேன், திங்கள் பயத்தில்.

போன தடவை வந்த அதே ஆள்தானாம், இவர் சொன்னார். கூட ஒரு உதவியாளர். வெள்ளைத் துணியை ஜன்னல் திண்டில் வைத்ததும் சாம்பல். மின்விசிறியில் வைத்ததும் சாம்பல். எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. வீடு அழுக்கு என்று பூரித்துப் போன ஒரே இல்லத்தரசி.

ஆனால் அவர் முகம் சரியில்லை. துணியை முகர்ந்து பார்த்தார்.

"போன தடவ கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணு வாரத்துல எப்படிம்மா இவ்ளோ? நீங்களே ஏதாச்சும் சிமெண்ட்ட வாங்கித் தூவிட்டீங்களா? ஒரு வீட்ல அப்படித்தான் பண்ணி வெச்சிருந்தாங்க."

போன தடவை சுத்தம் என்று தள்ளினார். இந்தத் தடவை அழுக்கு என்று தள்ளப் பார்க்கிறார். இனி எப்படித்தான் வைத்துக்கொள்வது வீட்டை?

இவர்தான் பேசினார். மூச்சு வாங்கி வாங்கி.

"தம்பி, நான் முப்பத்திரண்டு வருஷம் துணிக்கடைல இருந்தவன். தூவின தூசி வேற, தானா விழற தூசி வேற. காட்டட்டுமா?"

பீரோவைத் திறந்தார். மூடியே கிடந்த பீரோ. உள்ளே அடியிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்தார், மடிப்புக் கலையாமல். விரித்துக் காட்டினார். மடிப்பு ஓரத்தில் மட்டும், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, ஒரு சாம்பல் கோடு. உள்ளே வெள்ளை. அடுத்த வேட்டி. அதிலும் அதே கோடு. என் கல்யாணப் புடவையையும் எடுத்தார். அரக்குப் பட்டில் வெளுத்த கோடு. நானே இதுவரை பார்த்ததில்லை.

"இது மூணு வாரத்துல விழாது. ரேக்ல வருஷக்கணக்கா நின்ன சரக்குலதான் இப்படிப் பார்ப்போம். கதவு இடுக்கு வழியா கொஞ்சம் கொஞ்சமா வந்து மடிப்புல உக்காரும். துடைச்சா போகாது. இந்தக் கோட்ட யாராலும் தூவி வைக்க முடியாது தம்பி."

அந்த ஆள் புடவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஃபோட்டோ எடுத்தார். பிறகு ஃபார்மில் எழுத ஆரம்பித்தார். எழுதும்போது, "எங்கம்மாவும் ஆள் வந்தா இப்படித்தான் சார் துடைப்பாங்க" என்றார்.

மோர் கொடுக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

அரசு வாங்கும் வீடுகளின் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் கதவு எண் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். கஸ்தூரி வந்து துடைப்பங்களைத் திருப்பிக் கொடுத்தாள். இவரை வெளியே தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு நானே பெருக்கினேன். மூன்று முறம் தூசி.

மந்தைவெளியில் ஒரு போர்ஷன் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கு நடை தூரம். தரைத்தளம். பின்பக்கம் வேப்பமரம். பணம் வந்ததும் போக வேண்டியதுதான்.

மார்ச் 10, திங்கள்

தேனாம்பேட்டை. சம்மதப் பத்திரம். இவருக்காகக் கோப்பைக் கீழே காரிடாருக்கே கொண்டுவந்தாள் அந்தச் சின்னப் பெண். நல்ல பெண். இவர் கையெழுத்துப் போட்டார். அடுத்து நான், குடும்ப உறுப்பினர் என்று.

பேனாவைத் திறந்துகொண்டே சும்மாதான் கேட்டேன்: "எப்பம்மா இடிப்பீங்க?"

"இடிக்கலையே மேடம்."

"அப்புறம்?"

"பின்னாடி பிளான்ட்ல வேலை செய்யறாங்கல்ல, அவங்க ஃபேமிலிக்குக் குவார்ட்டர்ஸ். உங்க வரிசையில வாங்குற பத்து வீடும் அதுக்குத்தான் போகுது."

"அங்க எப்படிம்மா இருக்க முடியும்? இருக்க முடியாதுன்னுதானே நீங்களே வாங்குறீங்க?"

அவளுக்கும் சங்கடம்தான், தெரிந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவங்க இப்ப பிளான்ட் உள்ளயே தகர ஷெட்ல இருக்காங்க மேடம். அதுக்கு இது எவ்வளவோ மேல். வேணாம்னா உங்க ஃபைல நிறுத்தி வைக்கலாம். ஆனா மறுபடி வராது."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவர் நெஞ்சைப் பார்த்தேன், சட்டைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

போட்டேன். ஒழுங்கான கையெழுத்து.

வரும் வழியில் கோபப்பட ஆள் தேடினேன், கிடைக்கவில்லை.

மார்ச் 15, சனி

நல்ல வெயில். நேற்றே பணம் வந்துவிட்டது. நாளை லாரி. அட்டைப்பெட்டி 14, சாக்கு 5. பாத்திரம் கட்டியாயிற்று. புத்தகம் பாதி. காஸ் சிலிண்டர் மாற்றல் மனு திங்கள் கொடுக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. இடுப்பில் ஒரு குழந்தை. திருவண்ணாமலைப் பக்கமாம். வீட்டுக்காரர் ஆலையில் கலவை வண்டி ஓட்டுகிறார். இந்த வீடுதான் அவர்களுக்கு என்று சூப்பர்வைசர் சொன்னாராம், பார்க்க ஆசையாம்.

"உள்ள வரலாமாக்கா?"

வரச் சொன்னேன். ஒவ்வொரு அறையாகப் போனாள். சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் வந்ததும் சிரித்தாள். குழந்தையைக் கூடத்தில் இறக்கிவிட்டாள், அது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடியது. மேற்கு ஜன்னல் பக்கம் போய், "இது தொறக்குமாக்கா? காத்து வரும்ல?" என்று கேட்டாள்.

"அத மட்டும் தொறக்காத. எப்பவும் மூடியே வை."

"ஏங்க்கா?"

சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லி? தகர ஷெட்டுக்குத் திரும்பிப் போ என்றா?

"கொசு" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். போகும்போது படியில் நின்று வீட்டை இன்னொரு தடவை முழுக்கப் பார்த்தாள்.

"இவ்ளோ நல்ல வீட்ட வுட்டுட்டு ஏங்க்கா போறீங்க?"

உள்ளே இவர் இருமிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஸ்கூல் ரொம்ப தூரம்மா, என்று சொல்லி அனுப்பினேன்.